மருந்து: மந்திரப் பொருள்களின் விதிகளைச் சிவகாசிப் பக்கமிருந்து வாசித்தல்

1

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் டிராகனோடு போடும் சண்டையைவிட வாக்கியங்களோடு போடும் சண்டைதான் அதிகம். ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எங்களைப் போல ஆளுக்கொரு ஊரில் இருந்தால் டிஸ்கார்டில் உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம்.; உலகத்தை அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம் இது. இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசப்போவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பற்றி.

இந்த ஆட்டத்தின் நூல்களில் எனக்கு மிகப் பிடித்த பகுதி மந்திரப் பொருள்களின் பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பத்தி, சிலவற்றுக்கு ஒரு பக்கம். பொருளின் பெயர், அது எவ்வளவு அரிது, என்ன செய்யும், எத்தனை முறை செய்யும், எப்போது தீர்ந்துபோகும். கதை கிடையாது. ஆனால் ஒவ்வொரு பத்திக்குள்ளும் கதை அடங்கிக் கிடக்கிறது. இதை நான் தனி இலக்கிய வகையாகவே வாசிக்கிறேன். நம் குறுங்கதைக்காரர்கள் படித்தால் பொறாமைப்படுவார்கள்.

இந்தப் பத்திகளை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு மரபே உண்டு. ஆட்டத்தின் விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்ட் 2015-இல் மூன்று வாசிப்புகளைப் பிரித்துச் சொன்னார்: விதியை எழுதியிருக்கிறபடியே வாசிப்பது, எழுதியவர் எண்ணியபடி வாசிப்பது, மேசையில் இருப்பவர்களுக்குச் சுவையாக இருக்கும்படி வாசிப்பது. சொல், கருத்து, சுவை. நம் உரையாசிரியர்களுக்குப் பழக்கமான பிரிவுதான்.

விருதுநகர் மாவட்டத்துக்காரன் இந்தப் பத்திகளை வாசிக்கும்போது நாலாவதாக ஒரு கேள்வியும் வந்து உட்காருகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு இரும்புக் கையைப் பார்த்துவிடலாம்.

2

தமிழில் மந்திரப் பொருளின் விதியை ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் ஆக்கியது சிவகாசி. 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை அங்கிருந்து வெளியிட்டது. மூலம், இங்கிலாந்தில் 1962-இலிருந்து 'வேலியன்ட்' இதழில் வந்த சித்திரத் தொடர். எங்க வீட்டுப் பரணில் சித்தப்பாவின் பழைய இதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தன. கதை மறந்து போகும். விதி மறக்காது: லூயி கிராண்டேலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்து போவான், அந்த இரும்புக் கையைத் தவிர.

இந்த விதியின் உயிர் 'தவிர' என்ற சொல்லில் இருக்கிறது. முழுசாக மறைகிறவனுக்கு என்ன ஆபத்து? கதை ரெண்டு பக்கத்தில் முடிந்துவிடும். காற்றில் தனியாக மிதந்து வரும் அந்தக் கைதான் பயமுறுத்தும், அவனைக் காட்டியும் கொடுக்கும். மின்சாரம் வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. சக்தி வேண்டுமென்றால் முதலில் ஷாக் வாங்கணும். சும்மா கிடைப்பது எதுவுமில்லை.

மந்திரப் பொருளை வாசிக்கும் முதல் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். அது என்ன செய்யும் என்கிற வரி விளம்பரம். எங்கே நின்றுவிடும் என்கிற வரிதான் விதி. நிற்கும் இடத்தைக் கவனித்தால், விதி எதைக் கண்டு பயப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

'பேக் ஆஃப் ஹோல்டிங்' என்றொரு பை. வெளியே சாதாரண சாக்குப் பை. உள்ளே 64 கன அடி இடம், 500 பவுண்டு தாங்கும். எவ்வளவு போட்டாலும் தூக்கிப் பார்த்தால் 15 பவுண்டுதான். இது விளம்பரம். அளவு மீறினாலோ கூரான பொருள் குத்திக் கிழித்தாலோ பை அழியும், உள்ளே இருந்ததெல்லாம் வேறொரு உலகத்தில் சிதறிப்போகும். இது விதி. சேர்த்துக்கொண்டே போகிறவனைக் கண்டு பயப்படுகிற விதி.

இன்னொரு வரியும் இருக்கிறது. மூச்சு விடும் உயிர்களை அந்தப் பைக்குள் வைக்கலாம். எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கும்? பத்தை உள்ளே இருக்கும் உயிர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒருவர் என்றால் 10 நிமிடம். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 2 நிமிடம். எங்க ஊர்ப் பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகளைத் தள்ளியிருந்தாவது பார்த்தவனுக்கு இந்த வகுத்தல் கணக்கு விளையாட்டாகத் தெரியாது. ஒரு அறையில் எத்தனை பேர் என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வி. 'அறைக்கு நாலு பேர்' என்பது ஆலைக்குள் கால் வைக்காதவர்களுக்குக்கூட எங்க பக்கம் தெரிந்த கணக்கு.

3

எழுதியபடி வாசிப்பதற்கும் எண்ணியபடி வாசிப்பதற்கும் உள்ள தூரத்தை அமுதசுரபியைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்த பாத்திரம் அது. அள்ள அள்ளக் குறையாது. ஆட்ட மொழியில் சொன்னால் சார்ஜ் கணக்கே இல்லாத பொருள். பிறகு மழை பெய்து நாடு செழிக்கிறது, சோறு கேட்டு வர ஆள் இல்லை. பசி இருக்கும் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. தீவில் அவனும் பாத்திரமும் மட்டும்.

இந்த இடத்தில் ஒரு ரூல்ஸ் லாயர் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வான்? எழுதியிருப்பதை மட்டும் வைத்துக் கொண்டு எதைச் செய்யலாம் என்று வாதாடும் ஆட்டக்காரருக்கு எங்கள் வட்டத்தில் அந்தப் பெயர். 'பாத்திரம் சோறு தரும். எனக்குப் பசிக்குது. சாப்பிடலாம்.' வாதம் சரி. தடுப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஆபுத்திரன் அந்தப் பாத்திரத்தைப் பிறர் பசிக்கு வந்த பொருளாக வாசிக்கிறான். பல உயிரைக் காத்த பாத்திரத்தை வைத்துத் தன் ஒரு உயிரைக் காத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரட்டும் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். எண்ணியபடி வாசித்ததற்கு அவன் கொடுத்த விலை அது.

சிறுவயதில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? இப்போது தோன்றுவது வேறு. அந்தக் காட்சியில்தான் பாத்திரத்துக்கு மறுபக்கம் ஒன்று தெரிகிறது. பொருளை வைத்திருப்பவன் ஒருவன், அந்தப் பொருள் யாருக்காக என்பது இன்னொருவன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே கையில் வைத்திருப்பவரைப் பார்த்து எழுதப்பட்டவை. 'நீ இதைப் பயன்படுத்தினால்' என்ற முன்னிலையில்தான் பத்தி பேசும். அந்த 'நீ'யைத் தாண்டி யார் இருக்கிறார்கள் என்று பத்தி கேட்பதே இல்லை.

4

இனி வெடிக்கு வருவோம்.

ஃபயர்பால், நெருப்புருண்டை, இந்த ஆட்டத்தின் செல்லப்பிள்ளையான மந்திரம். எட்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டி வரும் எண்தான் சேதம். 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் அதை வாங்க வேண்டும். இந்த மந்திரத்துக்குத் தேவையான பொருள் என்ன தெரியுமா? வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்ந்த சின்ன உருண்டை. வௌவால் எச்சம் கிடக்கும் குகை மண்ணிலிருந்து ஒரு காலத்தில் வெடியுப்பு எடுத்தார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மட்டும்தான் பாக்கி. மந்திரம் என்று சொல்லிக்கொண்டு அந்த மந்திரவாதி பாக்கெட்டில் வைத்திருப்பது கரிமருந்தின் பெரும்பங்கு. விளையாட்டாக வைத்த குறும்புதான். எங்க ஊர்க்காரன் படித்ததும் சிரித்துவிடுவான்.

இந்த நெருப்புருண்டைகளை மணியாகக் கோர்த்த ஒரு கழுத்தணி உண்டு: 'நெக்லஸ் ஆஃப் ஃபயர்பால்ஸ்'. நாலிலிருந்து ஒன்பது மணி வரை இருக்கும். ஒரு மணியைப் பிய்த்து எறிந்தால் ஒரு நெருப்புருண்டை. எங்க ஊர்ச் சொல்லில் சரம்.

இந்தச் சரத்தின் விதி மாறி வந்த கதைதான் என் விமர்சனத்தின் மையம். 1979-இல் கைகாக்ஸ் எழுதிய டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டியில் இதன் முன்னோடி இருக்கிறது. அதில் ஒரு கொடூரமான நிபந்தனை: கழுத்தணியைப் போட்டிருப்பவர் மந்திர நெருப்பில் சிக்கித் தப்ப முடியாமல் போனால் கழுத்தணிக்கும் பகடை உருட்ட வேண்டும். அதுவும் தவறினால் மிச்சமிருக்கும் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். அந்தக் காலத்து விதிகளில் பொருள்களுக்கும் உடம்பு இருந்தது. தீ பட்டால் துணிக்கும் தோலுக்கும் கண்ணாடிக்கும் தனித்தனியாகப் பகடை உருட்ட ஒரு அட்டவணையே போட்டிருந்தார்கள்.

2014 பதிப்பில் அந்த நிபந்தனை காணாமல் போய்விட்டது. இப்போதைய நெருப்புருண்டை, யாரும் உடுத்தியிராத, யாரும் கையில் வைத்திராத பொருள்களை மட்டும்தான் பற்ற வைக்கும். மேசைத்துணி எரியும், சட்டை எரியாது. ஏன் இப்படி? ஒவ்வொரு வெடிக்கும் எல்லாருடைய மூட்டையையும் பிரித்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தால் ஆட்டம் நகராது. நியாயமான காரணம்தான். ஆனாலும், நைலான் கட்டி வராதே, நிலைமின்சாரம் வரும், பருத்திதான் கட்டணும் என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை வேலைக்கு விடும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு 'உடுத்திய துணி எரியாது' என்ற வரியைத் தாண்டிப் போவது எளிதில்லை.

புதிய விதி பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மொத்தச் சரத்தையும் ஒரே நேரத்தில் எறியலாம் என்கிறது. அப்படி எறிந்தால் கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் மந்திரத்தின் நிலை ஒன்று ஏறும், அதாவது ஒரு பகடை கூடும். ஒன்பது மணியைத் தனித்தனியாக எறிந்தால் மொத்தம் 72 பகடை. சேர்த்து எறிந்தால் 16 பகடைதான். இதிலும் ஒரு வழக்கு இருக்கிறது. ஆட்டத்தில் மந்திர நிலை ஒன்பதோடு முடிகிறது. நெருப்புருண்டை மூன்றாம் நிலை. ஏழு மணியில் ஒன்பதை எட்டிவிடுவோம். எட்டாவது மணியும் ஒன்பதாவது மணியும் என்ன ஆகும்? எழுதியபடி வாசிப்பவர் 16 பகடை கேட்பார். எண்ணியபடி வாசிப்பவர் 14-இல் நிறுத்துவார். 2024 பதிப்பு இந்த வழக்கை வேறு விதமாக முடித்துவைத்தது: எத்தனை மணி எறிந்தாலும் 12 பகடைக்கு மேல் கிடையாது.

சேர்த்துக் கட்டினால் சேதம் பெருகக் கூடாது, மெதுவாகத்தான் ஏற வேண்டும். இந்தக் கணக்கை நான் முதலில் பார்த்தது ஆட்டப் புத்தகத்தில் இல்லை. இந்திய அரசு 1999-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்த்த பட்டாசு ஒலி வரம்பில் அது இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு வெடியின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரமாக இருந்தால், சரத்தில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் இந்த வரம்பு குறையும். எவ்வளவு குறையும்? வெடிகளின் எண்ணிக்கையின் மடக்கையை ஐந்தால் பெருக்கினால் வருகிற அளவு. நூறு வெடிச் சரம் என்றால் 10 டெசிபல் குறையும். ஆயிரம் என்றால் 15, பத்தாயிரம் என்றால் 20. ஆயிரம் வாலாவின் ஒவ்வொரு வெடியும் 110-க்குள் அடங்க வேண்டும். இதை எழுதிய அதிகாரி பகடை ஆட்டம் ஆடியவராக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இரண்டு விதிகளும் ஒரே பிரச்சினையை ஒரே புத்தியோடு அணுகியிருக்கின்றன.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் சரவெடியையே தடை செய்தது. பேரியத்துக்கும் தடை. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, தீபாவளி அன்று இரவு 8 முதல் 10 வரை மட்டும். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசு வகைகளின் பெயர்கள் ஸ்வாஸ், ஸ்டார், சஃபால். மந்திரப் பொருள் பட்டியலில் நடுவில் செருகிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதில் ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவி வெளிவந்து தூசியை அடக்கும் என்பது அதன் 'எஃபெக்ட்'.

அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் டெல்லியின் கைக்குழந்தைகள். அவர்களுக்காகப் பெற்றோர் போட்ட மனு. நீதிமன்றத்தின் பயம் அந்த நுரையீரல்களைப் பற்றியது. ஒலி வரம்பின் பயம் 4 மீட்டர் தள்ளி நிற்கும் காதைப் பற்றியது. இரண்டும் நியாயமான பயங்கள். இரண்டுமே வெடிக்கப்படும் இடத்தில் நின்றுகொண்டு எழுதப்பட்டவை. கொளுத்துபவர், பக்கத்தில் நிற்பவர், காற்றைச் சுவாசிப்பவர். சரத்தைப் பின்னிய கை அந்தச் சட்டகத்துக்குள் வராது. தடை வந்தபோது சரம் பின்னும் வேலை போனவர்கள் என்று ஒரு கூட்டம் எங்க பக்கம் இருந்தது என்பதும் அதற்குள் வராது.

நான் சொன்ன நாலாவது கேள்வி இதுதான். இந்த விதி எதைக் கண்டு பயப்படுகிறது என்று கேட்டபிறகு, யாரை மறந்துவிட்டது என்றும் கேட்கணும்.

5

நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வெடிபொருள் விதிகள் 2008 செய்கிறவரின் பக்கமும் நின்று எழுதப்பட்டது: எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம். ஒரு வரியாவது யாரோ ஒருவர் கருகியதால் வந்த வரி என்று நினைத்துக்கொண்டுதான் அதை வாசிக்க முடியும். கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்துக் கலக்கக் கூடாது என்று 1992-இல் வந்த தடையும் அப்படித்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் செய்கிறவரின் பக்கம் எப்படி இருக்கிறது? 2014 வழிகாட்டியில் மந்திரப் பொருள் செய்வதற்கு விதி உண்டு. முதலில் அந்தப் பொருளுக்கான ஃபார்முலா கிடைக்க வேண்டும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்களே, அந்த மாதிரி. பிறகு ஒரு நாளைக்கு 25 பொற்காசு அளவுக்கு வேலை நகரும். நெருப்புருண்டைக் கழுத்தணியின் செலவு 5000 பொற்காசு. ஆக, ஒருவர் தனியாகச் செய்தால் 200 நாள். மந்திரம் தெரிந்தவர் கூட இருந்தால் நாள் குறையும். அவ்வளவுதான் விதி.

இருநூறு நாள் நெருப்பை மணியாகக் கோர்க்கிறார்கள், விதியில் ஒரு தீப்பொறிகூட இல்லை. எறிவதற்குப் பகடை உண்டு, தப்புவதற்குப் பகடை உண்டு. செய்வதற்கு நாள்காட்டி மட்டும். 2017-இல் வந்த 'ஸனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங்' நூலில் கொஞ்சம் மாறியது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, பத்து சதவீத வாய்ப்பில் ஏதாவது சிக்கல் வரும். ஆர்வமாகப் பட்டியலைத் திறந்தேன். முதல் சிக்கல்: நீங்கள் செய்துகொண்டிருக்கும் பொருள் நிலையில்லாதது, ஊருக்கே ஆபத்து என்று வதந்தி பரவுகிறது.

வதந்தி!

ஆபத்து பற்றி ஊர் பேசுவதுதான் அங்கே சிக்கல். ஆபத்து சிக்கலே இல்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20-க்கும் மேற்பட்டோர். இந்தப் பெயர்களைத் தெரிந்தவன் அந்த அட்டவணையை வாசிக்கும்போது, எழுதியவர் எந்தத் திசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். கடைக்கு இந்தப் பக்கம்.

அதே 2014 நூலில் கரிமருந்துக்கும் விதி இருக்கிறது. ஒரு பீப்பாய்க்குத் தீ வைத்தால் 10 அடிக்குள் இருப்பவர்களுக்கு ஏழு பகடை சேதம். லாவகமாக விலகினால் பாதி. சாதாரண மனிதர் ஒருவருக்கு இந்த ஆட்டம் கொடுக்கும் உயிர்ப்புள்ளி 4. ஏழு பகடையில் மிகக் குறைந்த கூட்டுத்தொகையே 7. ஏழும் ஒன்று விழுந்து, விலகவும் செய்தால் மட்டும் பாதியாகி 3 ஆகும், அவர் பிழைப்பார். மற்ற எந்தக் கணக்கிலும் பிழைக்க மாட்டார். இந்தக் கணக்கை நூல் நம்மிடம் சொல்லாது. நாயகர்களுக்கு 40, 50 உயிர்ப்புள்ளி இருக்கும், அவர்கள் தூசி தட்டிவிட்டு எழுந்துகொள்வார்கள். பக்கத்தில் நின்ற ஆளைப் போட்டுப் பார்த்தால்தான் விதியின் நிஜ எடை தெரியும்.

6

இதெல்லாம் எங்கள் மேசைக்கு வந்தது ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினையாக. நாங்கள் தமிழில்தான் ஆடுவோம். 'ஹீலிங் போஷன்' என்றால் காயம் ஆற்றும் மருந்து. நான் டி.எம். 'பெட்டிக்குள்ள நாலு மருந்து இருக்கு' என்றேன். சாத்தூர்த் தம்பி ஒருத்தன் உடனே, 'அண்ணே, என்ன மருந்து? குடிக்கிறதா, வெடிக்கிறதா?' என்றான். எல்லாரும் சிரித்தோம். எங்க பக்கம் மருந்து என்றால் இரண்டும்தான். 'மருந்து கலக்குறார்' என்று சொன்னால் கேட்கிற வீட்டுக்காரர்களுக்கு வயிற்றில் ஏதோ பிசையும். ஒரே சொல்லுக்குள் உயிர் தருவதையும் உயிர் எடுப்பதையும் வைத்திருக்கும் ஊருக்கு மந்திரப் பொருளின் இலக்கணத்தை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே தம்பியின் பாத்திரம் ஒருநாள் நெருப்புருண்டைக் கழுத்தணி செய்ய ஆசைப்பட்டது. நான் மேலே சொன்ன குறையையெல்லாம் சொல்லி ஒரு திருத்தம் வைத்தேன்: வேலை செய்யும் ஒவ்வொரு வாரமும் இருபது முகப் பகடை உருட்டணும், 1 விழுந்தால் வெடிக்கும். செய்கிறவரின் ஆபத்தும் விதிக்குள் வந்துவிடும், ஆட்டத்துக்கும் பரபரப்பு. தம்பிக்குச் சந்தோஷம்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா உண்டு. அவருடைய அம்மா இருபது வருசம் பட்டாசு வேலைக்குப் போனவர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: 'அதுக்கும் பகடையா?'

'ஆபத்து இருக்குன்னு காட்டத்தானேக்கா' என்றேன்.

'பகடை போட்டா அது யாரு தப்பும் இல்லன்னு ஆயிரும்ல தம்பி. வெடிச்சா எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. விதி, விதின்னு. அம்மாகூட வேலை பார்த்தவங்க வீட்ல போய் உக்காந்து அதக் கேட்டுட்டு வந்தவ நான். நாலு பேரு அறையில பத்துப் பேர ஒக்கார வச்சது விதியா? சீசன்னு மரத்தடியில வச்சு வேல வாங்குனது விதியா? அது விதிய மீறுனதுல்ல?'

தமிழில் ஊழுக்கும் சட்டத்துக்கும் ஒரே சொல். மேசையில் அன்றைக்கு அந்தச் சொல் இரண்டாகப் பிளந்தது. எங்கள் மாவட்டத்தில் விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்: 'உராய்வினால் விபத்து' என்று முதல் பத்தியில் இருக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள், உள்குத்தகை, மரத்தடி என்பதெல்லாம் நாலாவது பத்தியில் இருக்கும். உராய்வு பகடை. நாலாவது பத்தி பகடை இல்லை. அது ஒருவர் எடுத்த முடிவு, பெரும்பாலும் வேலை செய்தவர் எடுக்காத முடிவு. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவரின் அவசரமும் அவர் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை.

ஆட்டவிதி வடிவமைப்பில் இது பெரிய விஷயம். ஒன்றைப் பகடைக்கு விடுவது என்றால், அது இந்த உலகத்தில் தற்செயல் என்று அறிவிப்பது. 1979-இன் கழுத்தணியும் அதைத்தான் செய்தது. அது பொருளின் ஆபத்தை மறைக்கவில்லை, ஆனால் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதியது. 2014 ஆபத்தையே எடுத்துவிட்டது. என் திருத்தம் பழையதைப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்தது.

அக்கா எழுதிய விதி வேறு மாதிரி. நூலில் இருக்கும் வேகத்தில் வேலை செய்தால் ஒன்றும் ஆகாது, பகடையே வேண்டாம். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் கூலிக்கு ஆள் சேர்க்கலாம். அறைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதாக இருந்தால், அந்த அறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் பெயர் வைக்கணும், யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லணும். சொன்ன பிறகு அந்த அறை ஒருநாள் வெடிக்கும். எப்போது என்பது மட்டும் டி.எம். கையில்.

தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலு பேரோடு ஐம்பது நாளுக்குப் பக்கம் ஆகும். அவனுக்குப் போர் முப்பது நாளில். அஞ்சாவது ஆளுக்குப் பெயர் வைக்க அவன் வாய் வரவில்லை. 'சரி, கடையில வாங்கிக்கறேன்' என்றான். அக்கா விடவில்லை. 'வாங்கு. யார் செஞ்சதுன்னு கடைக்காரன்கிட்ட கேளு.' அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. அடுத்த மூன்று வாரம் எங்கள் கதை அந்தப் பதிலைத் தேடித்தான் போனது.

7

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது பலவீனமானதும் இல்லை. ஆட்டம் ஆட்டம்தானே? வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிறவனுக்கு டிராகனை எரிக்கணும். அங்கேயும் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து நிற்க வேண்டுமா? அதோடு, உண்மையான சாவுகளை மேசையில் போட்டுக் கதை பண்ணுவது இன்னொரு வகைச் சுரண்டல் ஆகாதா?

இரண்டாவது கேள்விக்கு அக்காவின் விதியே பதில் என்று நினைக்கிறேன். என் திருத்தம் வெடிப்பைப் பரபரப்பாக மாற்றியது. அவருடைய விதி வெடிப்பை யாரும் ஆட விரும்பாத நகர்த்தலாக மாற்றியது. நல்ல விதி சில நேரம், உடைக்க முடியும் என்பதையும் உடைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் ஒருசேரக் காட்டி, உடைக்காமல் வைத்திருக்கும். முதல் கேள்விக்கு என் பதில்: டிராகனை எரியுங்கள், நானும் எரிக்கிறேன். எல்லா மேசையிலும் இந்த விதி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வாசிப்பைப் பற்றி மட்டும். ஒரு பொருளின் பத்தியில் செய்தவர் இல்லை என்றால் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது என்று காரணம் சொல்ல முடியாது. அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை இருக்கிறது, விலை இருக்கிறது, எப்போது சாம்பலாகும் என்றுகூட இருக்கிறது. பாதிப் பக்கம் பிடிக்கும் வர்ணனைகள் இருக்கின்றன. செய்தவருக்கு மட்டும் ஒரு வரி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது பழங்காலத்து மாமந்திரவாதியின் பெயராக இருக்கும்.

மந்திரப் பொருள் என்பதே, செய்த கை தெரியாமல் போன பொருள் என்றுகூடச் சொல்லலாம். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று தெரிந்துவிட்டால் அது சாதாரணப் பொருள் ஆகிவிடும். தெரியாதபோது அது மினுங்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் சென்னையிலோ பெங்களூரிலோ கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் அப்படித்தான் மினுங்குகின்றன. மேலே சிவகாசியில் அச்சான வண்ண லேபிள், உள்ளே சிவகாசியில் அடைத்த மருந்து. கொளுத்தும் முறை பெட்டியிலேயே போட்டிருக்கும்: கையை நீட்டி, தள்ளி நின்று, கொளுத்தியதும் விலகவும். முழுக்க முழுக்கக் கொளுத்துகிறவரைப் பார்த்து எழுதிய வாக்கியங்கள்.

அடுத்த தடவை ஒரு மந்திரப் பொருளின் பத்தியை வாசிக்கும்போது, அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பத்தியின் முதல் வாக்கியத்துக்கு முன்னால், எழுதப்படாத ஒரு வாக்கியத்தை நீங்களே சேர்த்துப் பாருங்கள்: 'இதை இன்னார் செய்தார்.' எங்கள் மேசையில் இப்போது எந்தப் பொருள் கிடைத்தாலும் யாராவது ஒருத்தர் அதைக் கேட்டுவிடுகிறார்கள். டி.எம்.-ஆக எனக்கு வேலை கூடிவிட்டது. போன வாரம் ஒரு பழைய வாளுக்கு, அதைச் செய்த கொல்லனுக்கு, அந்தக் கொல்லனின் மகளுக்கு என்று வரிசையாகப் பெயர் வைத்து முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி. டிராகன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.